பதில்: காரைக்குடி ஓபனில் கறுப்பில் தோற்ற குயின்ஸ் கேம்பிட் ஆட்டம்

வணக்கம். காரைக்குடி ஓபன் சதுரங்கப் போட்டியில் நீங்க கறுப்பில் ஆடியபோது, வெள்ளை பி சிப்பாயை பி4, பி5 என்று தள்ள, சி6 சிப்பாய் பலவீனமாகி யானை எண்ட்கேமில் (யானைகளும் சிப்பாய்களும் மிஞ்சிய இறுதிக் கட்டத்தில்) தோற்றதாக எழுதியிருக்கீங்க. ஓப்பனிங்கை (தொடக்க நகர்த்தல் முறையை) மாற்றவே வேண்டாம். 1927 கபாப்ளாங்கா-அலெக்கின் உலகப் பட்டப் போட்டியில் 34 ஆட்டங்களில் 32 இதே குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட்தான் (வெள்ளை கொடுக்கும் சி சிப்பாயைக் கறுப்பு வெட்டாமல் ஆடும் ஓப்பனிங்).

பி5 வந்த பிறகு யோசிப்பது தாமதம். சி6-ல் வெட்ட விட்டால் அந்தச் சிப்பாய் பின்தங்கும். நீங்க பி5-ல் வெட்டினால் டி5 தனியாக நிற்கும். இரண்டுமே வலிதான்.

11-வது நகர்த்தலில் வெள்ளை யானையை பி1-க்குக் கொண்டுவந்ததும் ஏ5 போடுங்க. ஏ3, பி4 என்று வந்தால் பி4-ல் வெட்டுங்க. ஏ வரிசை திறந்து உங்க ஏ8 யானைக்கு வேலை கிடைக்கும். ஏ3-க்கு அடுத்து எஃப்6 குதிரையை இ4-க்குப் பாய்ச்சலாம். வெள்ளை இ7-ல் பிஷப்பை மாற்றி, டி3 பிஷப்பால் குதிரையை வெட்ட, நீங்க டி சிப்பாயால் திருப்பி வெட்டுவீங்க. அந்த இ4 சிப்பாயை வெள்ளைக் குதிரை எடுத்தால் உடனே பிஷப் எஃப்5! சி2 ராணியும் பி1 யானையும் அதே மூலைவிட்டத்தில் நிற்பதால் குதிரை விலக முடியாது, காய் போகும். வெள்ளைக்குச் சரியான பதில் எஃப்3 குதிரை டி2-க்குப் போவது. அப்போது எஃப் சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளி இ4 சிப்பாயைத் தாங்குங்க.

பள்ளத்தூரில் கூட ஆட ஆள் இருந்தால், இந்த 11-வது நிலையையே இருபுறமும் மாறி மாறி ஆடிப் பாருங்க.