பாரிட்டோன் கிட்டாரில் ச ப ச ப ச க: ஓப்பன் ட்யூனிங் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

ஜி டி ஜி டி ஜி பி என்று சுருதி சேர்த்த பாரிட்டோன் கிட்டாரில் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். விரல் வைக்காமல் எல்லாத் தந்திகளையும் மீட்டினாலே ஒரு கார்ட், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டம், வரும்படி சேர்ப்பதுதான் ஓப்பன் ட்யூனிங். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். தந்திகளைத் தடிமனான ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை என்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

கேள்வி: பாரிட்டோன் என்பது பெரிய கிட்டார்தானா, வேறு கருவியா?

கிட்டார்தான், ஆனால் தந்தி நீளம். சாதாரண கிட்டாரில் நட்டிலிருந்து (கழுத்தின் முனையில் தந்திகள் பள்ளங்களில் உட்காரும் பட்டை) பிரிட்ஜ் (உடல் மேல் தந்திகளைத் தாங்கும் பகுதி) வரை ஏறக்குறைய 25 அங்குலம் இருக்கும். பாரிட்டோனில் 27 முதல் 30 அங்குலம் வரை போகும். வழக்கமான சுருதி பி இ ஏ டி எஃப்-ஷார்ப் பி. சாதாரண கிட்டாரைவிட ஐந்து ஃபிரெட் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி; ஒரு ஃபிரெட் என்றால் அரை ஸ்வரம்). டேன்எலெக்ட்ரோ நிறுவனம் 1950-களின் பிற்பகுதியிலேயே எலெக்ட்ரிக் பாரிட்டோனை விற்றது. இன்று அக்கூஸ்டிக்கிலும் கிடைக்கிறது.

கேள்வி: அண்ணா, சாதாரண கிட்டாரில் ஓப்பன் டி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே அமைப்பைப் பாரிட்டோனில் வைத்தால் ஒலி கலங்கிப் போகிறது. கிட்டார் சரியில்லையா?

கிட்டாரில் குறை எதுவும் இல்லை. சுரங்கள் உட்கார்ந்திருக்கும் இடம்தான் சிக்கல்.

ஓப்பன் டி என்பது டி ஏ டி எஃப்-ஷார்ப் ஏ டி. அந்த அமைப்பைப் பாரிட்டோனுக்கு இறக்கினால் ஏ இ ஏ சி-ஷார்ப் இ ஏ என்று வரும். நான்காம் தந்தி 110 ஹெர்ட்ஸ், மூன்றாம் தந்தி 139 ஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த இடத்தில் ஸ்வரமும் அதன் காந்தாரமும் (அதிலிருந்து மூன்றாம் சுரம், க) பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் காது இரண்டையும் பிரித்துக் கேட்கத் திணறும். பியானோவின் இடது கோடியில் நெருக்கமாக ஒரு கார்ட் அழுத்திப் பாருங்கள், இதே கலங்கல் கேட்கும். சாதாரண கிட்டாரில் இதே ஜோடி 147-க்கும் 185-க்கும் இருப்பதால் தப்பித்துவிடுகிறது.

அதனால்தான் நான் ஜி டி ஜி டி ஜி பி-க்கு வந்தேன். சாதாரண கிட்டாரின் ஓப்பன் சி இருக்கிறதே, சி ஜி சி ஜி சி இ, அதன் வடிவம்தான் இது. கீழே ஐந்து தந்திகளிலும் ஜி-யும் டி-யும் மட்டும். காந்தாரமான பி ஒரே ஒரு இடத்தில், உச்சியில், 247 ஹெர்ட்ஸில் தனியாக நிற்கிறது. கீழே அகலம், மேலே நெருக்கம். பாரிட்டோனுக்கு எந்த ஓப்பன் ட்யூனிங் தேடினாலும் நான் முதலில் பார்ப்பது காந்தாரம் எந்தத் தந்தியில் விழுகிறது என்பதைத்தான்.

இதே சிக்கலை ஜாஸ் கிட்டார் கலைஞர் பாட் மெத்தனி வேறு வழியில் தீர்த்தார். 2003-இல் வந்த 'ஒன் குவைட் நைட்' தொகுப்பில் லிண்டா மான்சர் செய்த அக்கூஸ்டிக் பாரிட்டோனை ஏ-யிலிருந்து ஏ வரை சேர்த்து, நடு இரண்டு தந்திகளை மட்டும் மெல்லிய தந்தியாக மாற்றி ஒரு ஸ்தாயி மேலே ஏற்றியிருப்பார். அது ஓப்பன் ட்யூனிங் இல்லை. ஆனால் கலங்கல் பிறக்கும் நடு இடத்தையே காலி செய்துவிட்டார். அவசியம் கேளுங்கள்.

கேள்வி: எட்டு வருடம் வீணை கற்றவள். உங்கள் வாசிப்பைக் கேட்டபோது கை தானாக வீணை மேல் போனது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?

சரியாகத்தான் தோன்றியிருக்கிறது, அம்மா. ஜி-யை ஷட்ஜமாக வையுங்கள், நம் கணக்கில் ஐந்து கட்டை. இப்போது ஆறு தந்திகளும் ச ப ச ப ச க. இதில் ஐந்தாம் தந்தியிலிருந்து இரண்டாம் தந்தி வரை மட்டும் எடுத்தால் ப ச ப ச. வீணையின் அனுமந்தரம், மந்தரம், பஞ்சமம், சாரணி நான்கும் இதே இடைவெளிகளில்தான் இருக்கின்றன. அதற்கு அடியில் இன்னொரு ஷட்ஜமும் உச்சியில் அந்தர காந்தாரமும் கூடுதல். உங்களுக்குச் சாரணியில் தெரிந்த விரல் இடங்கள் இரண்டாம் தந்தியில் அப்படியே கிடைக்கும். கமகத்துக்குத் தந்தியை இழுக்கும்போது மட்டும் கவனம். பாரிட்டோன் தந்தி தடிமன், வீணைத் தந்தி அளவுக்கு வளைந்து கொடுக்காது. சறுக்கிப் போவது நன்றாக வரும்.

கேள்வி: வழக்கமான பி சுருதியிலிருந்து இதற்கு எப்படிப் போவது? தந்தி தொளதொளவென்று ஆகிவிடாதா?

ஆறாம் தந்தியை பி-யிலிருந்து ஜி-க்கு நான்கு ஃபிரெட் அளவு இறக்க வேண்டும். ஐந்தாவதை இ-யிலிருந்து டி-க்கு, நான்காவதை ஏ-யிலிருந்து ஜி-க்கு. மூன்றாவது டி அப்படியே இருக்கும். இரண்டாவதை அரை ஸ்வரம் ஏற்றி ஜி ஆக்குங்கள். முதல் தந்தி பி-யைத் தொட வேண்டாம்.

தொய்வு உண்மைதான். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு மாறுவதால், ஆறாம் தந்தியில் 37 சதவீதமும் ஐந்து, நான்கில் 21 சதவீதமும் குறைகிறது. 62 அளவுத் தந்தி (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டிருந்தால் ஆறாம் தந்தி ஃபிரெட் கம்பிகளில் அடித்து இரையும். 27 அங்குலக் கிட்டாருக்கு நான் 70 அல்லது 72 போடுகிறேன். 30 அங்குலம் என்றால் 68 போதும்.

தடித்த தந்தி நட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். என் முதல் பாரிட்டோனைப் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் பள்ளத்தைத் தேவைக்கு மேல் அராவிவிட்டார்கள். அழுத்திய சுரமெல்லாம் சுத்தம், திறந்த தந்தி மட்டும் முதல் ஃபிரெட்டில் உரசி ஈ பறப்பதுபோல் இரைந்தது. ஓப்பன் ட்யூனிங்கில் திறந்த தந்திகள்தான் எல்லாம், அதனால் அந்த நட்டை மாற்றும்வரை அந்தக் கிட்டாரை வாசிக்கவே முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அராவி, ஒவ்வொரு முறையும் தந்தியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மொத்த இழுவிசை குறைந்ததால் கழுத்து லேசாகப் பின்னால் சாயலாம். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். இரைச்சல் வந்தால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும், அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) கால் திருகல் தளர்த்தினால் போதும்.

கேள்வி: என்னிடம் பாரிட்டோன் இல்லை. இப்போதே பழக வழி உண்டா?

உண்டு. சாதாரண கிட்டாரை சி ஜி சி ஜி சி இ ஆக்குங்கள். விரல் வடிவங்கள் எல்லாம் அதேதான். பாரிட்டோனில் ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்தும் கவ்வி) மாட்டினால் வருவதும் இதே சுரங்கள்.

கேள்வி: மேஜர் கார்ட் எல்லாம் ஒரு விரலில் வருகிறது. மைனருக்கு என்ன செய்வது?

ஓப்பன் ட்யூனிங் பிடித்த எல்லோரும் இங்கேதான் நிற்பார்கள். ஐந்தாம் ஃபிரெட்டில் குறுக்கே அழுத்தினால் சி, ஏழில் டி, அதோடு அலுத்துவிடும். மைனருக்கு இரண்டு வழி சொல்கிறேன். ஐந்தாம் தந்தியையும் மூன்றாம் தந்தியையும் இரண்டாம் ஃபிரெட்டில் பிடித்து, ஆறாவதை விட்டுவிட்டு மீட்டுங்கள்: இ மைனர். அடுத்தது, இரண்டாம் ஃபிரெட்டில் ஆறிலிருந்து இரண்டு வரை மோதிர விரலால் குறுக்கே அழுத்தி, ஆள்காட்டி விரலை முதல் தந்தியின் முதல் ஃபிரெட்டில் வையுங்கள்: ஏ மைனர். இந்த இரண்டாவது வடிவம் கழுத்து முழுக்க நகரும். முதல் வடிவம்தான் எனக்குப் பிடித்தது, நடுவில் திறந்த ஜி-க்கள் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: எங்கள் குழுவில் பாஸ் கிட்டார் இருக்கிறது. இடிக்காதா?

இடிக்கும். உங்கள் ஆறாம் தந்தி 49 ஹெர்ட்ஸ், பாஸின் மிகத் தடிமனான தந்தி 41. அவர் வாசிக்கும்போது நீங்கள் மேல் நான்கு தந்திகளில் இருங்கள். தனியாக வாசிக்கும் இடங்களுக்கு ஆறாவதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ட்யூனர் பச்சை காட்டுகிறது, ஆனாலும் முதல் தந்தி மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. என் காதில் கோளாறா?

நல்ல காது உங்களுக்கு. ஆறாம் தந்தியை நான்காம் ஃபிரெட் கம்பிக்குச் சற்றுக் கீழே, நட் பக்கமாக, அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு மீட்டுங்கள். உள்ளிருந்து மெல்லிய ஒரு சுரம் எழும். அது பி, உங்கள் முதல் தந்தியின் அதே பி. தம்பூராவில் மந்தர ஷட்ஜத்துக்குள் கேட்கிறதே சுயம்பு காந்தாரம், அதேதான். ஆனால் ட்யூனர் காட்டும் பி இதைவிட 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே இருக்கிறது. ஜி தந்திகள் மூன்றும் தம்பூரா போல இந்தக் காந்தாரத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்த வித்தியாசம் பாரிட்டோனில் பளிச்சென்று தெரிகிறது.

ஆலாபனை போல நிதானமாக வாசிப்பதென்றால் முதல் தந்தியை அந்தத் தொடு சுரத்தோடு ஒன்றும்வரை இறக்குங்கள். ஒலியின் அலையலையான அசைவு நின்று கிட்டார் முழுவதும் ஒரே ஒலியாகச் சேரும் நொடி கையிலேயே தெரியும். இ மைனரும் திறந்த தந்தியோடு சி-யும் மாறி மாறி வரும் பாட்டென்றால் அவ்வளவு இறக்கினால் அந்தக் கார்டுகள் புளிக்கும். அப்போது பாதி, ஏழு சென்ட் இறக்கி நிறுத்துகிறேன்.