கேள்வி – பதில்: இடாப்பும் அட்டையும்

கேள்வி: எங்கள் பாடசாலையில் 600 பிள்ளைகள். வரவு பதியும் இயந்திரம் வாங்கித் தரப் பழைய மாணவர் சங்கம் முன்வந்திருக்கிறது. கைரேகையா, அட்டையா? கையால் எழுதும் வரவு இடாப்பை நிறுத்தலாமா?
– ஆசிரியர், கோப்பாய்

பதில்: அட்டையே நல்லது. சின்னப் பிள்ளைகளின் ரேகை மெல்லியது. வியர்வையோ மழை ஈரமோ கீறலோ இருந்தால் இயந்திரம் விரலைத் திரும்பத் திரும்பக் கேட்கும். ஒருவருக்கு 5 செக்கன் என்றாலே 600 பேருக்கு 50 நிமிடம். 7.30க்கு எப்படிப் பாடம் தொடங்குவது? அதோடு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைரேகை போன்ற உடல் அடையாளத் தரவுக்கும் பிள்ளைகளின் தரவுக்கும் கூடுதல் காப்பு கேட்கிறது.

அட்டைக்கு 2 செக்கன் போதும். ஒரே கருவி என்றால் 20 நிமிடம் வரிசை நிற்கும், ஆகவே இரண்டு வாங்குங்கள். 125 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அட்டை மலிவு, ஆனால் அதை நகலெடுப்பது மிகச் சுலபம். 13.56 மெகாஹேர்ட்ஸ் அட்டையே கேளுங்கள். கரண்ட் போனாலும் இணையம் அறுந்தாலும் பதிவைத் தன்னுள்ளே வைத்திருக்கும் கருவியா என்று கடையிலேயே வயரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மணிக்கூட்டுக்கென ஒரு சின்ன பற்றரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. அது செத்தால் பல கருவிகளில் திகதி 2000ஆம் ஆண்டுக்குப் போய்விடும். அன்றைய வரவு எந்த நாளிலும் சேராது.

இடாப்பை நிறுத்தவே வேண்டாம். வாசலில் பதிவது அட்டை, பிள்ளை அல்ல. தோழனின் அட்டையையும் சேர்த்துக் காட்டிவிட்டு ஒருவனே உள்ளே வரலாம். முதலாம் பாடத்தில் வகுப்பாசிரியர் தலை எண்ணி, அட்டைப் பட்டியலோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை அன்றைக்கே திருத்த வேண்டும். உயர்தரப் பரீட்சைக்கு 80 வீத வரவு கேட்கும்போது ஒரு பிள்ளையின் ஒரு நாளும் தவறிப்போகக் கூடாது.

கேள்வி: வராத பிள்ளையின் வீட்டுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் இரட்டைக் கட்டணம் வருகிறதே, ஏன்?
– அதிபர், சாவகச்சேரி

பதில்: ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70 மட்டுமே. அதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ்ஸாகக் கணக்கிடுவார்கள். அதிலும் புள்ளி, கொம்பு, விசிறி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘வரவில்லை’ நமக்கு 5 எழுத்து, கணினிக்கு 8. ‘உங்கள் பிள்ளை இன்று பாடசாலைக்கு வரவில்லை.’ என்பது இடைவெளியோடு 41. பெயருக்கும் வகுப்புக்கும் மிச்சம் 29. வணக்கத்தையும் பாடசாலையின் முழுப்பெயரையும் விட்டுவிடுங்கள். வகுப்பாசிரியர் எண்ணி உறுதிசெய்த பிறகே அனுப்புங்கள். வகுப்பில் இருக்கும் பிள்ளையை ‘வரவில்லை’ என்றால் தாய் பதறிப்போவாள்.