ஆமணக்குப் பிண்ணாக்கும் பாப்பாவின் படிப்பும்

காரிமங்கலத்திலிருந்து வந்த அப்பாவுக்கு,

"எங்க பாப்பா நீட் வேண்டாங்குது. விஷத்துல கேன்சர் மருந்து செய்யப் போறேங்குது. நடக்கிற காரியங்களா சார்?" என்று கேட்டீங்க. வெளியே ஆள் காத்திருந்ததால் அன்றைக்கு அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆமணக்குப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் காட்டுக்கு எருவாகத்தானே போடுறோம்? அதிலிருக்கும் ரிசின்தான் காரணம். அந்த விஷத்தில் இரண்டு துண்டு. ஒன்று செல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும். மற்றது உள்ளே போய்ப் புரதம் செய்யும் ரைபோசோமைக் கெடுக்கும். எந்தச் செல் என்று அது பார்ப்பதில்லை. அதனால் ஒட்டும் துண்டைக் கழற்றிவிட்டு, புற்றுச் செல்லைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி என்ற புரதத்தை அங்கே பொருத்திப் பார்த்தார்கள். பாப்பா சொல்வது இந்த வேலையைத்தான். பாக்டீரியா விஷத்திலும் இப்படிச் செய்யலாம். அப்படி வந்த ஒரு மருந்துக்கு, அரிதான ஒரு ரத்தப் புற்றுக்காக, 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2023-இல் தயாரித்தவர்களே அங்கே விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். உடம்பு இந்த விஷத்தை அந்நியமென்று கண்டு எதிர்ப்பதும், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதும் இந்தத் துறைக்குத் தீராத தலைவலி. பாப்பா இதையும் தெரிந்துகொண்டு வரட்டும்.

இனி உங்கள் கவலை. இந்த ஆராய்ச்சிக்குப் போக, 'கேன்சர்' என்ற பெயரிலேயே 18 வயதில் சேரும் படிப்பு தேவையில்லை. 'கேன்சர் பயாலஜி' என்று போர்டு மாட்டி லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்க. பயோ-மேத்ஸ் என்பதால் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வை முதலில் எழுதட்டும். அடுத்தது கவுன்சிலிங்கில் பி.டெக் பயோடெக். இரண்டும் அமையாவிட்டால் தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் போதும், முதுகலைக்கு ஜாம் என்ற நுழைவுத்தேர்வை எழுதி ஐ.ஐ.டி.க்கே போகலாம். இதைச் சொன்னால் பல பெற்றோர் முகம் சுளிப்பார்கள், நீங்கள் சுளிக்க வேண்டாம்.

பி.டெக்கோடு நிறுத்தினால், நான் பார்த்தவரை, பாதிப் பேர் ஐ.டி.க்குத்தான் போகிறார்கள். ஆராய்ச்சிக்கு பிஎச்.டி. வேண்டும், மொத்தம் 10, 11 வருஷம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி.யில் முதல் 2 வருஷம் மாதம் 37,000 ரூபாயும் வாடகைப் படியும் வரும். அதுவரை வீடு தாங்குமா, சின்னவன் படிப்புக்கு என்ன வழி என்பதை நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து பேசுங்க. இந்த வேலை நடக்கும் இடங்கள் ஊர் விட்டு ரொம்பத் தூரமும் இல்லை: ஓசூர் தாண்டினால் பொம்மசந்திராவில் ஆன்டிபாடி மருந்து செய்யும் பயோகான், பெங்களூருக்குள் ஐ.ஐ.எஸ்சி. என்ற இந்திய அறிவியல் கழகம்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றீங்க. அப்படியானால் பி.டெக்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணமும் விடுதிச் செலவும் அரசே கட்டும். அதற்கான சான்றிதழை ஹெட்மாஸ்டரிடம் இப்போதே கேட்டு வையுங்க, கவுன்சிலிங் நேரத்தில் அலைய வேண்டாம்.