வேலூரில் தெரு மாறினால் அக்கம்பக்க ஒட்டுதலும் மாறுமா?

கொசப்பேட்டையில் எல்லோரையும் தெரிந்திருந்தது, சத்துவாச்சாரி அடுக்ககத்துக்கு வந்தபின் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியவில்லை, தப்பு என்னுடையதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பெரும்பங்கு தெருவுடையது.

1969இல் நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்டு ஆப்பிள்யார்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஆராய்ந்தார். தினம் 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள். 16,000 வண்டி போகும் தெருவில் 0.9. சத்தம் கூடினால் ஜன்னலைச் சாத்திவிடுவோம், அப்புறம் வாசலில் யார் நிற்பார்கள்?

பழைய தெருவில் பால் வாங்க, கோலம் போட, குழாயடியில் குடம் வைக்க என்று தினம் பத்து முறை முகம் பார்த்துக்கொள்வோம். குழாயடிச் சண்டைகூட ஒரு உறவுதான் என்பேன். "என்னக்கா, ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்று கேட்க அங்கே ஆள் உண்டு. லிஃப்டில் ஏறி நேரே கதவைப் பூட்டிக்கொள்ளும் இடத்தில் அதற்கு வழியே இல்லை.

சாயங்காலம் கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். நிழலும் உட்கார இடமும் இருந்தால் பேச்சு தானாக வரும். உங்கள் அடுக்ககத்தின் கீழே ஒரு வேப்பமரம் இருந்தால், நாலு நாற்காலி போடச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்களே போய் உட்காருங்கள்.