ஐந்து தளங்கள், ஒரு ஸ்டைல்ஷீட்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு முகப்புத் தளம், ஸ்பிங்க்ஸில் செய்த ஆவணங்கள், மீடியாவிக்கி, ஹியூகோவில் செய்த செய்திப் பக்கம், டவுன்லோடு பக்கம் என ஐந்து தளங்கள். ஒவ்வொன்றிலும் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பு (ஸ்டைல்ஷீட்) தனிப் பிரதியாக இருக்கிறது. லோகோவின் நீலத்தை மாற்ற ஐந்து இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரே சர்வரில் ஒரு கோப்பை வைத்து எல்லாவற்றிலும் இணைத்துவிடலாமா?
— வாசகர், மதுரை

பதில்: இணைக்கலாம். ஆனால் எப்போதும் மாறிக்கொண்டிருக்கும் ஒரே முகவரியில் வைக்காதீர்கள். யாரோ ஒருவர் அடைப்புக்குறியை மூட மறந்தால் ஐந்து தளங்களும் ஒரே நேரத்தில் குலையும். போதாததற்கு, பழைய கோப்பு சிலரது பிரௌசர் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கியிருக்கும். உங்களுக்குச் சரியாகத் தெரிவது அவர்களுக்கு உடைந்து தெரியும்.

ஸ்டைல்ஷீட்டையும் மென்பொருள் போலவே பதிப்பு எண்ணுடன் வெளியிடுங்கள். 2.3.0 என்ற ஃபோல்டரில் ஒருமுறை வைத்த கோப்பைப் பிறகு தொடவே கூடாது. திருத்தம் வந்தால் 2.3.1 என்று புது ஃபோல்டர். கோப்பு மாறாது என்பதால் கேஷ் காலத்தை ஓராண்டு, அதாவது 31536000 விநாடி என்று தாராளமாகக் கொடுக்கலாம். எந்தத் தளம் எப்போது புதுப் பதிப்புக்கு மாறுவது என்பதை அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்பவரே முடிவு செய்யட்டும்.

பில்ட் செய்யும் தளங்களுக்கு அதே கோப்பை என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பகம்) பேக்கேஜாகவும் கொடுங்கள். ஸ்பிங்க்ஸ் பைத்தான் உலகத்தைச் சேர்ந்தது; அதற்குத் தீமாகவே செய்து பைத்தான் தொகுப்பகமான பைபிஐயில் போடுவது நல்லது. நம்பை, பாண்டாஸ், சைபை ஆகியவற்றின் ஆவணத் தளங்கள் பைடேட்டா ஸ்பிங்க்ஸ் தீமை இப்படித்தான் பகிர்ந்துகொள்கின்றன. தோற்றத்தின் அடிப்படை ஒன்று. நிறமும் லோகோவும் அவரவருடையவை.

ஒரு களஞ்சியத்துக்குள் இன்னொன்றை இணைக்கும் கிட் சப்மாட்யூலைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது குறிப்பிட்ட ஒரு கமிட்டைப் பிடித்துக்கொள்வது நல்ல குணம்தான். ஆனால் புதிதாக வரும் பங்களிப்பாளர் வழக்கம்போல் குளோன் செய்தால் அந்த ஃபோல்டர் காலியாக வரும். தளம் ஸ்டைலே இல்லாமல் திறக்கும். சப்மாட்யூலையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது முதல் நாளிலேயே யாருக்கும் தெரியாது. தன்னார்வலர்கள் வந்து போகும் திட்டத்துக்கு இது ஒத்துவராது.

பொதுக் கோப்பில் என்ன வைப்பது? நிறம், இடைவெளி, எழுத்தளவு ஆகியவற்றுக்கான வேரியபிள்கள், ஹெடர், ஃபுட்டர். இவற்றோடு நிறுத்துங்கள். அட்டவணை, ஃபார்ம் எல்லாம் அந்தந்தத் தளத்தின் பாடு.

கேள்வி: பொதுக் கோப்பை விக்கியில் சேர்த்ததும் அட்டவணைகளும் பட்டன்களும் கோணல்மாணலாகிவிட்டன. ஹெடரும் மற்ற தளங்களைவிடச் சிறியதாகத் தெரிகிறது. ஏன்?
— வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவதற்குக் காரணம், உங்கள் கோப்பில் டேபிள், பட்டன் என்று எலிமென்ட் பெயருக்கே நேரடியாக விதி எழுதியிருப்பது. அந்த விதி விக்கியின் சொந்த எலிமென்ட்கள் மேலும் பாயும். எல்லா விதிகளையும் திட்டத்தின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட கிளாஸ்களுக்குள் அடக்குங்கள்.

சிஎஸ்எஸ் விதிகளை முன்னுரிமை அடுக்குகளாகப் பிரிக்கும் கேஸ்கேட் லேயர் போட்டால் தீருமே என்று தோன்றும். பாதிதான் தீரும். லேயருக்குள் இருக்கும் விதி, லேயருக்கு வெளியே இருக்கும் சாதாரண விதியிடம் எப்போதும் தோற்கும். செலக்டர் எவ்வளவு வலுவாக இருந்தாலும் பயனில்லை. விக்கி ஸ்கின்னின் (விக்கியின் சொந்தத் தோற்றத்தின்) சிஎஸ்எஸ் லேயருக்கு வெளியே இருந்தால் அட்டவணைகள் பிழைக்கும். ஆனால் உங்கள் ஹெடரின் லிங்க் நிறத்தை ஸ்கின் விழுங்கிவிடும். அதனால் அடிப்படை விதிகளை லேயருக்குள்ளும் ஹெடர், ஃபுட்டரை வெளியிலும் வையுங்கள். விதிக்கு இம்பார்ட்டன்ட் என்ற முன்னுரிமைக் குறி போட்டால் இந்த வரிசை அப்படியே தலைகீழாகும் என்பதையும் மறக்காதீர்கள். லேயர் 2022இல்தான் முக்கிய பிரௌசர்களுக்கு வந்தது. அதற்கு முந்தைய பிரௌசர் அந்தப் பகுதி முழுவதையும் தள்ளிவிடும்.

ஹெடர் சுருங்குவதற்கு, பக்கத்தின் ரூட் (அடிப்படை) எழுத்தளவைச் சார்ந்த ரெம் அளவைச் சந்தேகியுங்கள். ஒரு தளம் ரூட் எழுத்தளவை 62.5 சதவீதம் என்று வைத்திருந்தால், அங்கே 1 ரெம் வழக்கமான 16 பிக்சலுக்குப் பதில் 10 பிக்சல். ஹெடரை பிக்சலில் எழுதித் தப்பிக்க வேண்டாம்; பிரௌசரில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு அது உதவாது. அந்த 62.5ஐ எடுத்துவிட்டு, அந்தத் தளத்தின் மற்ற அளவுகளைச் சரிசெய்யுங்கள். அரை நாள் வேலை, ஆனால் ஒருமுறைதான்.

கேள்வி: பல தளங்களுக்கும் கோப்புகளை வழங்கும் பிரபலமான சிடிஎன்னிலிருந்து எடுத்தால் கோப்பு ஏற்கெனவே பயனரின் கேஷில் இருக்கும் அல்லவா?
— வாசகர், ஈரோடு

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. குரோம் 86, ஃபயர்ஃபாக்ஸ் 85 முதல் கேஷ் தளவாரியாகப் பிரிக்கப்படுகிறது. சஃபாரி அதற்கும் முன்பே இதைச் செய்தது. உங்கள் தளங்கள் ஒரே டொமைனின் சப்டொமைன்களாக இருந்தால், அவற்றுக்குள் கேஷ் பகிர்வு இன்னும் நடக்கும்.

கேள்வி: ஸ்டைல்கள் வருகின்றன, எழுத்துரு மட்டும் வரவில்லை.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஸ்டைல்ஷீட்டை வேறு ஆரிஜினிலிருந்து (வேறு தள முகவரியிலிருந்து) தடையின்றி எடுக்கலாம், எழுத்துருவை அப்படி எடுக்க முடியாது. எழுத்துரு இருக்கும் சர்வர் ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் என்ற ஹெச்டிடிபி ஹெடரை (பக்கத்தின் மேற்பகுதி அல்ல) அனுப்ப வேண்டும். சப்டொமைனும் வேறு ஆரிஜின்தான்.

கேள்வி: ஆவணங்களின் தமிழ்ப் பதிப்பில் தலைப்புகளின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது, பட்டனுக்கு வெளியே சொற்கள் வழிகின்றன. பொதுக் கோப்பைத் தமிழுக்கென்று பிரதி எடுக்கலாமா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: பிரதி எடுத்தால் மறுபடி முதல் கேள்விக்கே வந்துவிடுவோம். ஆங்கிலத் தலைப்புக்கு வரி உயரம் 1.2 போதும். தமிழில் கீழே இறங்கும் உகரக் குறிகளுக்கும் மேலே வளையும் ஈகாரத்துக்கும் 1.4 அல்லது 1.5 வேண்டும். வரி உயரத்தை வேரியபிளாக்கி, பக்க மொழி தமிழ் என்றால் அதன் மதிப்பு மாறும்படி பொதுக் கோப்பிலேயே ஒரு விதி எழுதுங்கள். தலைப்பில் எழுத்து இடைவெளியைக் குறைத்திருந்தால் தமிழுக்கு அதைச் சுழியமாக்குங்கள். பட்டனுக்கு நிலையான அகலம் வேண்டாம். உள் இடைவெளி மட்டும் போதும்.

இவ்வளவும் செய்து பலன் தெரியவில்லை என்றால், பக்கத்தின் மொழியைச் சொல்லும் லேங் பண்பு இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிங்க்ஸில் மொழி அமைப்பைத் தமிழாக்கினால் அது தானாகச் சரியாகும். கையால் எழுதிய பக்கங்களில்தான் விட்டுப்போகும்.

கேள்வி: வேரியபிள் ஒன்றின் பெயரை மாற்ற வேண்டும். எப்படி?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: புதுப் பெயரைச் சேர்த்து, பழைய பெயர் புதியதன் மதிப்பையே எடுக்கும்படி 2.4.0இல் வெளியிடுங்கள். பழையதை 3.0.0இல்தான் நீக்க வேண்டும். அதற்கு முன் ஐந்து களஞ்சியங்களிலும் பழைய பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லாத வேரியபிளுக்கு சிஎஸ்எஸ் பிழைச் செய்தி தராது; பின்னணி நிறம் சத்தமில்லாமல் மறைந்துபோகும்.