தலை மட்டும் உயிரோடு: மொட்டை மாடியில் பார்த்த படத்துக்குக் கேள்வி பதில்

போன சனிக்கிழமை ராத்திரி கும்பகோணத்தில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் வேட்டியை இழுத்துக் கட்டி, 'தி பிரெய்ன் தட் வுடன்ட் டை' என்ற பழைய அமெரிக்கப் படத்தைப் போட்டோம். கறுப்பு வெள்ளை, 82 நிமிடம். படம் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டதால் பேச முடியவில்லை. கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். இந்த மாதிரிப் படங்களை முப்பது வருடமாகத் தேடித் தேடிப் பார்க்கிறவன் என்பதால், பதில் சொல்லும் வேலையை என்னிடம் விட்டார்கள்.

கேள்வி: வலங்கைமான் பஸ் லேட். நான் வரும்போது பாதிப் படம் போய்விட்டது. கதை என்ன அண்ணே?

பதில்: பில் கோர்ட்னர் ஓர் இளம் அறுவை சிகிச்சை டாக்டர். காரை விரட்டிக்கொண்டு போய் விபத்தில் சிக்குகிறார். கூட வந்த காதலி ஜேன் தலை துண்டாகி இறக்கிறாள். அவர் அந்தத் தலையைக் கோட்டில் சுற்றிக்கொண்டு ஓடி, நிலவறையில் இருக்கும் தன் ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டில் வைத்து உயிர் கொடுத்துவிடுகிறார். அப்புறம் அதற்குப் பொருத்த ஒரு பெண்ணுடம்பு தேடி இரவு விடுதி விடுதியாக அலைகிறார். ஜேன் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: என்னைச் சாகவிடு. அதே அறையில் பூட்டிய கதவு ஒன்று இருக்கிறது. டாக்டரின் பழைய சோதனைகள் கெட்டுப்போனதில் மிஞ்சிய ஓர் உருவம் அதற்குள் இருக்கிறது. கதவுக்கு அப்பால் இருக்கும் அதோடு ஜேன் பேச ஆரம்பிக்கிறாள். முடிவை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: நான் மன்னார்குடியில் நர்ஸ். தலை மட்டும் உயிரோடு இருக்குமா? பேசுமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைக் கேட்டார்கள், சரியாகச் சொல்ல முடியவில்லை.

பதில்: பேசாது அம்மா. நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையில் பட்டால்தானே சத்தம்? தட்டில் இருக்கும் தலைக்குக் காற்று ஏது. ரத்த ஓட்டம் நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு போய்விடும், நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். படத்தில் அந்த டாக்டர் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நேரத்துக்கே கதை முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் இதை வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது. 1928இல் சோவியத் நாட்டில் புருகோனென்கோ என்பவர், வெட்டிய நாய்த் தலைக்கு இயந்திரத்தால் ரத்தம் செலுத்திக் கொஞ்ச நேரம் உயிரோடு வைத்துக் காட்டினார். 1954இல் அதே நாட்டில் தெமிகோவ் என்பவர் ஒரு நாயின் உடம்பில் இன்னொரு நாயின் தலையை ஒட்டினார். அதே 1954இல்தான் பாஸ்டனில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. அதற்கு முந்தைய வருடம் இதய நுரையீரல் இயந்திரம் மனிதருக்குப் பயன்பட்டது. இந்தப் படம் எடுத்தது 1959இல். அன்றைக்குச் செய்தித்தாள் படித்தவனுக்கு 'அடுத்தது தலைதானோ' என்ற பயம் நிஜமாகவே இருந்திருக்கும். 1970இல் ராபர்ட் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு குரங்கின் தலையை வேறு குரங்கின் உடம்பில் பொருத்தினார். அது கண் திறந்து பார்த்தது, அதற்குக் காதும் கேட்டது. தண்டுவடத்தை இணைக்க முடியாததால் கழுத்துக்குக் கீழே அசைவே இல்லை. படத்தைவிட அந்தக் குரங்கை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

கேள்வி: தட்டில் இருக்கும் தலையை எப்படிப் படம் பிடித்தார்கள்?

பதில்: மேஜையில் ஓட்டை. நடிகை வர்ஜீனியா லீத் கீழே உட்கார்ந்து ஓட்டை வழியாகத் தலையை நீட்டியிருக்கிறார், அவ்வளவுதான். மொத்தச் செலவே சுமார் 62,000 டாலர். இரண்டு வாரத்துக்குள் எடுத்து முடித்தார்கள்.

கேள்வி: கடைசியில் படத்தின் பெயர் மாறி வந்ததே, நான் சரியாகத்தான் பார்த்தேனா? (பாபநாசம்)

பதில்: நல்ல கண் தம்பி. முடிவில் 'பிரெய்ன்' போய் 'ஹெட்' என்று வரும். எடுத்து மூன்று வருடம் கழித்து 1962இல்தான் வெளியானது. இடையில் பெயர் மாறியபோது ஓர் அட்டையை மாற்ற விட்டுவிட்டார்கள்.

கேள்வி: கதவைப் பிய்த்துக்கொண்டு வந்தவர் நிஜமாகவே அவ்வளவு உயரமா?

பதில்: ஆமாம். எடி கார்மல். ஏழு அடிக்கு மேல். வளர்ச்சி சுரப்பு நிற்காத நோய் அவருக்கு. 1970இல் டயான் ஆர்பஸ் எடுத்த ஒரு புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. நியூயார்க்கில் தன் வீட்டில், கூரை இடிக்கக் குனிந்து நிற்கிறார், அம்மாவும் அப்பாவும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். பார்த்தபின் இங்கே அவரைப் பூதம் என்று சொல்ல வாய் வராது. 1972இல் இறந்துவிட்டார்.

கேள்வி: பிள்ளையாருக்கு யானைத் தலை வைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிர்ச்சி என்கிறார் என் அம்மா. (பூந்தோட்டம்)

பதில்: அம்மா சொல்வது சரி. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே செதலபதியில் மனித முகத்தோடு ஆதி விநாயகர் இருக்கிறார். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கேட்கும் கேள்வியும் உண்டு: தலை மாறிப்போன இரண்டு ஆண்களில் அவள் புருஷன் யார்? நமக்குத் தலை மாற்றம் புதிதல்ல.

இந்தப் படம் என்னை உலுக்குவது வேறு இடத்தில். ஜேனிடம் யாரும் கேட்கவில்லை. அவர் கண் முன்னாலேயே அவள் வேண்டாம் என்கிறாள், டாக்டரோ 'உன் மேல் உள்ள காதலால்தான்' என்கிறார். திருக்கடையூரில் மார்க்கண்டேயன் உயிரை வேண்டித் தானே லிங்கத்தைக் கட்டிக்கொண்டான். ஜேன் அப்படி எதையும் வேண்டவில்லை.

கேள்வி: எங்களுக்கு இது சினிமா மாதிரியே இல்லை சார். நிலத்துக்குக் கீழே என்னவோ இருக்கிறது, எடுக்கிறோம் என்று கேட்காமல் வந்து நின்றவர்களைப் பார்த்துவிட்டோம். விஞ்ஞானி என்றாலே பயம். (திருவாரூர் பக்கம் ஒரு விவசாயி)

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது ஐயா. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்ததே நீங்கள் தெருவில் நின்றதால்தான். ஆனால் ஆடுதுறையையும் நினைத்துப் பாருங்கள். 1922இலிருந்து அங்கே நெல் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே வந்த ஏடிடி 36, ஏடிடி 43 நெல் ரகங்கள் எல்லாம் உங்கள் வயலில் விதைத்ததுதானே. பிடித்தால் அடுத்த போகத்துக்கும் வைத்தீர்கள், பிடிக்காததை விட்டீர்கள். அங்கேயும் இருப்பவர்கள் விஞ்ஞானிகள்தான். கோர்ட்னரின் வேலை நடப்பது பூட்டிய நிலவறையில், வேண்டாம் என்று சொல்ல உரிமையில்லாதவள் மேல். நான் பயப்படுவது அந்தப் பூட்டுக்கு.

கேள்வி: தமிழில் இப்படி ஏதும் உண்டா?

பதில்: 1989இல் வேலு பிரபாகரன் எடுத்த 'நாளைய மனிதன்'. செத்தவனை எழுப்பும் மருந்து, எழுந்தவனாக அஜய் ரத்னம். அடுத்த வருடமே 'அதிசய மனிதன்' என்று இரண்டாம் பாகமும் வந்தது. இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்க்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் கல்லூரிப் பசங்க ஐந்து பேர். கையில் நாற்பதாயிரம் ரூபாய். பைத்தியக்கார விஞ்ஞானி குறும்படம் எடுக்க ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில்: லேப் செட் போடாதீர்கள். காசு அங்கேதான் கரையும். கலர் தண்ணீரும் கண்ணாடிக் குடுவையும் வைத்தால் பள்ளிக்கூடக் கண்காட்சி மாதிரிதான் இருக்கும். ஓடாமல் கிடக்கும் ரைஸ் மில் ஒன்றைக் கேளுங்கள். நெல் அவிக்கும் தொட்டி, உயரமான புகைபோக்கி, உமிக் குவியல், தூசி படிந்த பெல்ட் எல்லாம் தயாராக இருக்கும். அனுமதி வாங்கி, மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று நீங்களே போய்ப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

அப்புறம் சத்தம். நீங்கள் பார்த்த படத்தில் உருவம் கடைசியில்தான் வெளியே வருகிறது. அதுவரை கதவுக்குப் பின்னால் தட்டும் சத்தமும் உறுமலும்தான். பயந்தோமா இல்லையா? உங்களுக்கு ஐப்பசி மழையில் தவளைச் சத்தம் இருக்கிறது, தூரத்தில் போர்செட் ஓடும் சத்தம் இருக்கிறது. போர்செட் சட்டென்று நிற்கட்டும், ஐந்து விநாடி ஒன்றுமே கேட்கக் கூடாது. அதற்கு ஒரு பைசா செலவில்லை. மிச்சப் பணத்தில் நல்ல மைக் வாடகைக்கு எடுங்கள், நடிக்கிறவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடுங்கள். திரைக்கதையை எனக்கு அனுப்பினால் படித்துச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வேதாரண்யத்தில் போட முடியுமா? உரிமை வாங்க வேண்டுமா?

பதில்: உரிமைக் குறிப்பு போடாமலே வெளியிட்டதால் அமெரிக்காவில் இந்தப் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகளை மட்டும் தூங்க வைத்துவிடுங்கள், கை பிய்கிற காட்சி அவர்களுக்கு வேண்டாம். தை அறுவடை முடிந்து களம் காலியானதும் சொல்லி அனுப்புங்கள். புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் நான் கொண்டு வருகிறேன், வேட்டி உங்களுடையது.