முதல் வாடகை வீடு

கேள்வி: ஓமானில் ஆறு வருடம் வேலை செய்து சேர்த்த காசில் ஹட்டன் பக்கம் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட ஆசை. முதலில் எதைப் பார்க்க வேண்டும், அக்கா?
– ஒரு வாசகி, டிக்கோயா

பதில்: வீட்டுக்குள் போகுமுன் வீட்டுக்குப் பின்னால் போங்கள், தங்கச்சி. பண்டாரவளையில் நான் முதன்முதலில் பார்த்த வீட்டின் முன்பக்கம் புதுப் பெயின்ட் மணத்தது. பின்னால் மண் அணைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மேட்டில் மரங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தன. 2014இல் மண்சரிவுக்கு மீரியபெத்தையைப் பறிகொடுத்தவர்கள் நாம். அந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வரைபடம் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்குமுன் அந்த இடத்தைப் பற்றி அங்கே கேளுங்கள். நல்ல மழை நாளில் ஒரு தடவை நேரிலும் போய்ப் பாருங்கள்.

அப்புறம் காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயன் வீட்டை வெறும் கடதாசியில் எழுதி யாராவது விற்க வந்தால் கிட்டவே போகாதீர்கள். நொத்தாரிஸிடம் சொல்லி, காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவையாவது தேடிப் பார்க்கச் செய்யுங்கள். முத்திரை வரி, வீட்டின் பெறுமதியில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். நொத்தாரிஸ் கட்டணம் தனி. அதனால் காசு முழுவதையும் விலைக்கே கொடுத்துவிட வேண்டாம்.

பஸ் நிலையத்திலிருந்து வீடுவரை நடந்தும் பாருங்கள். நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில் இப்போது இரண்டு தாதிமார் இருக்கிறார்கள். வந்த அன்று அவர்கள் முதலில் கேட்டது வாடகையை அல்ல, “தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், அக்கா?” என்றுதான்.